18 வயதுக்குள் கருக்கலைப்பு: பெற்றோர் சம்மதம் பற்றி அமெரிக்க மாநிலச் சட்டங்கள் சொல்வது என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளை விட்டுவிட்டு, வாசலில் காபியோடு நிற்கும் நேரத்தில்தான் இந்தப் பேச்சு வரும். குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் வரும். “இங்கே பெற்றவர்களுக்குத் தெரியாமலேயே பெண் பிள்ளை போய்க் கலைத்துக்கொள்ளலாமாமே, நிஜமா?” என்று ஒருவர் கேட்பார். “அதெல்லாம் இல்லை, அம்மா அப்பா இரண்டு பேரும் கையெழுத்துப் போடணும்” என்று இன்னொருவர் அடித்துச் சொல்வார். இரண்டுமே ஏதோ ஒரு மாநிலத்தில் உண்மை. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோர் என்னிடம் கேட்டவற்றையும், கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள்: பெற்றோர் அனுமதி வேண்டுமா, வேண்டாமா?

எந்த மாநிலம் என்பதைப் பொறுத்தது. நாடு முழுவதற்கும் பொதுவான சட்டம் இதற்குக் கிடையாது. சில மாநிலங்கள் பெற்றோரின் சம்மதத்தைக் கேட்கின்றன. சில, பெற்றோருக்குத் தகவல் சொன்னால் போதும் என்கின்றன. கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி, வாஷிங்டன் போன்றவை இரண்டையும் கேட்பதில்லை. டெக்சாஸ், லூசியானா, மிசிசிப்பி, அலபாமா, டென்னசி போன்ற மாநிலங்களிலோ 2022-க்குப் பிறகு ஏறக்குறைய எல்லாக் கருக்கலைப்புக்கும் தடை. அங்கே பெற்றோர் ஐந்து பேர் கையெழுத்துப் போட்டாலும் ஆகாது.

சம்மதம், தகவல்: இரண்டும் ஒன்றுதானே?

சட்டத்தில் ஒன்றில்லை. சம்மதம் என்றால் அம்மாவோ அப்பாவோ கையெழுத்துப் போட வேண்டும். மறுத்தால் மருத்துவர் தொட மாட்டார். பென்சில்வேனியா, மிச்சிகன், ஒஹையோ இந்த வகை. தகவல் என்றால் பெற்றோருக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட்டு, குறிப்பிட்ட மணிநேரம் காத்திருக்க வேண்டும். கொலராடோவிலும் நியூ ஹாம்ப்ஷயரிலும் 48 மணி நேரம், ஜார்ஜியாவில் 24 மணி நேரம். பெற்றோர் வேண்டாம் என்று சொன்னாலும் சட்டப்படி அது தடையாகாது.

ஏட்டில்தான் இந்த வித்தியாசம். அப்பாவுக்குக் கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு, அந்த 48 மணி நேரத்தில் ஒரு வீட்டுக்குள் என்னென்ன நடக்கலாம் என்று யோசித்துப் பாருங்கள். கதவைப் பூட்டி, போனைப் பிடுங்கி வைத்துவிட்டால் அந்தப் பெண்ணுக்குத் தகவலும் ஒன்றுதான், சம்மதமும் ஒன்றுதான். அதனால் “எங்கள் மாநிலத்தில் வெறும் தகவல்தானே” என்று சொல்பவர்களோடு என்னால் ஒத்துப்போக முடிவதில்லை.

அம்மா, அப்பா இருவரும் கையெழுத்துப் போட வேண்டுமா?

பெரும்பாலான இடங்களில் ஒருவர் போதும். ஆனால் கன்சஸ் சட்டம் இருவரையும் கேட்கிறது. அதுவும் நோட்டரி முன்னால். பெற்றோர் விவாகரத்து ஆனவர்களாக இருந்தால், பிள்ளை யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர் போதும்.

மின்னசோட்டா 1981-இல் போட்ட சட்டம் இன்னும் கடுமையானது. இரு பெற்றோருக்கும் தகவல் போக வேண்டும் என்றது. விவாகரத்தாகிப் போய்விட்ட அப்பா, வருடக்கணக்கில் முகம் காட்டாத அப்பா என்றாலும் விதிவிலக்கில்லை. 1990-இல் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நீதிபதியிடம் போக வழி வைத்தால்தான் இந்தச் சட்டம் செல்லும், இல்லையென்றால் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. 2022-இல் மாநில நீதிமன்றம் அதை அடித்துப் போட்டது. 2023-இல் சட்டமன்றமே நீக்கிவிட்டது.

நோட்டரி என்பது சின்ன விஷயம்போலத் தெரியும். அரிசோனாவிலும் வர்ஜீனியாவிலும் சம்மதப் படிவத்துக்கு அது வேண்டும். ஒரு வங்கிக் கிளையில், முன்பின் தெரியாத ஓர் ஊழியரின் மேசைக்கு முன்னால் அம்மாவும் மகளும் உட்கார வேண்டும். அம்மா அடையாள அட்டையை எடுத்துக் கொடுக்க வேண்டும். அவர் முத்திரை குத்தும்போது தாளின் தலைப்பு அவர் கண்ணில் படும். மகளுக்கு முழு மனதோடு துணை நிற்கிற அம்மாவுக்கே கை நடுங்கும் இடம் அது.

பெண் சித்தப்பா வீட்டில் தங்கிப் படிக்கிறாள். பெற்றோர் ஊரில். சித்தப்பா கையெழுத்துப் போடலாமா?

நம்மவர்கள் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. சித்தி, பெரியம்மா, தாத்தா எல்லாரும் பெற்றவர்களுக்குச் சமம் என்பது நம் வழக்கம். அமெரிக்கச் சட்டத்தின் கண்ணுக்கு, நீதிமன்றம் நியமிக்காத சித்தப்பா பெரும்பாலான மாநிலங்களில் யாரோ ஒருவர்தான்.

சில மாநிலங்கள் வட்டத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டிருக்கின்றன. விஸ்கான்சினில் தாத்தா பாட்டி, மாமா, அத்தை, சித்தப்பா, சித்தி, உடன்பிறந்தவர்கள் ஆகியோரில் 25 வயது நிரம்பிய ஒருவர் சம்மதம் தரலாம். வட கரோலினாவில், பெண் குறைந்தது ஆறு மாதம் பாட்டியோடு வாழ்ந்திருந்தால் பாட்டி போதும். டெலவேரில் 16 வயதுக்குக் கீழே இருந்தால்தான் தகவல் தேவை. அதையும் பெற்றோருக்குப் பதிலாகத் தாத்தா பாட்டிக்கோ, உரிமம் பெற்ற மனநல ஆலோசகருக்கோ சொல்லலாம். மேரிலாந்தில், பெற்றோரிடம் சொல்வது பெண்ணுக்கு நல்லதில்லை என்று மருத்துவர் கருதினால் அவரே அதைத் தள்ளுபடி செய்யலாம். நீதிமன்றப் படி ஏறத் தேவையில்லை. இது எனக்கு நல்ல ஏற்பாடாகத் தெரிகிறது. பிள்ளையை நேரில் பார்ப்பவர் அவர்தானே.

வீட்டில் சொல்லவே முடியாத பெண் என்ன செய்வாள்?

நீதிபதியிடம் போகலாம். இதை ‘ஜுடிஷியல் பைபாஸ்’ என்பார்கள். ஊருக்குள் நுழையாமல் சுற்றிப் போகும் பைபாஸ் சாலைபோல, பெற்றோரிடம் போகாமல் நீதிமன்றம் வழியாக அனுமதி வாங்கும் வழி.

இது வந்த கதையைச் சொன்னால்தான் விஷயம் பிடிபடும். 1973-இல் ‘ரோ எதிர் வேட்’ தீர்ப்பு கருக்கலைப்பை அரசியல் சட்ட உரிமை ஆக்கியதும், பல மாநிலங்கள் மைனர் பெண்களுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று சட்டம் போட்டன. மிசூரியின் சட்டம் 1976-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. மகளின் முடிவைப் பெற்றோர் ஒரேயடியாக ரத்து செய்யும் அதிகாரத்தை மாநிலம் கொடுக்க முடியாது என்றது நீதிமன்றம். அப்புறம் 1979-இல் மாசசூசெட்ஸ் சட்டம் பற்றிய ‘பெல்லோட்டி எதிர் பேர்ட்’ வழக்கு. பெற்றோர் சம்மதம் கேட்கலாம், ஆனால் மாற்று வழி இருக்க வேண்டும் என்று அதில் வரையறுத்தார்கள். பெண் நேராக நீதிபதியிடம் போகலாம். தானே முடிவெடுக்கும் முதிர்ச்சி தனக்கு இருக்கிறது என்று காட்டலாம். முதிர்ச்சி போதாது என்றாலும் கருக்கலைப்புதான் அவளுக்கு நல்லது என்று நீதிபதிக்குப் பட்டால் அனுமதி தரலாம். பெயர் வெளியே வரக் கூடாது. இழுத்தடிக்கக் கூடாது. பென்சில்வேனியாவின் ஒரு பெற்றோர் சம்மத விதியை 1992-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதும், இந்த மாற்று வழி இருந்ததால்தான்.

பென்சில்வேனியாவில் மனு கொடுத்த மூன்று வேலை நாளுக்குள் நீதிபதி முடிவு சொல்ல வேண்டும். வேகம்தான். ஆனால் 16 வயதுப் பெண்ணுக்கு அந்த மூன்று நாளுக்கு முன்னால் இருப்பவைதான் மலை. நீதிமன்றம் திறந்திருக்கும் நேரத்தில்தான் பள்ளிக்கூடமும். வகுப்புக்கு வரவில்லை என்றால் பள்ளியிலிருந்து வீட்டுக்குத் தானாகவே குறுஞ்செய்தி போகும். அவள் எங்கே இருக்கிறாள் என்று அம்மாவின் போனில் ஒரு நீலப் புள்ளி காட்டிக்கொடுக்கும். கார் ஓட்ட உரிமம் இல்லை, பேருந்தும் இல்லை. மருத்துவமனையில் யாராவது சொல்லும்வரை இப்படி ஒரு வழி இருப்பதே அவளுக்குத் தெரியாது. மாசசூசெட்ஸில் செய்த ஓர் ஆய்வில், பெற்றோர் சம்மதத்தோடு வந்தவர்களைவிட நீதிமன்றம் வழியாக வந்த பெண்களுக்குச் சிகிச்சை கிடைக்கச் சராசரியாக 6 நாள் வரை கூடுதலாக ஆனது தெரியவந்தது. ஜார்ஜியா, ஃபுளோரிடா, தென் கரோலினா, அயோவா மாநிலங்களில் ஏறக்குறைய 6 வாரம்தான் கெடு. கடைசி மாதவிடாய் நாளிலிருந்து எண்ணுவதால், நாள் தள்ளிப்போனது தெரிவதற்குள்ளேயே அதில் 4 வாரம் போய்விடும். மீதி இருக்கும் நாட்களில் 6 நாள் என்பது என்னவென்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த மனுவுக்கு உதவ வழக்கறிஞர்கள் உண்டு. பல மாநிலங்களில் இலவசமாகவே கிடைப்பார்கள். டெக்சாஸில் 2001-இல் தொடங்கிய ‘ஜேன்ஸ் டியூ பிராசஸ்’ என்ற அமைப்பு இதற்காகவே உருவானது.

நீதிபதி முடியாது என்று சொல்வாரா?

பெரும்பாலும் அனுமதிப்பார்கள். மறுத்த வழக்குகளைப் படித்தால் மனது கனத்துப் போகும்.

2022 ஆகஸ்டில் ஃபுளோரிடாவில் ஒரு வழக்கு. பெண்ணுக்கு 16 வயது. பெற்றோர் இல்லாதவள் என்றே ஆவணம் சொல்கிறது. ஓர் உறவினரோடு இருந்தாள். நீதிமன்றம் நியமித்த கார்டியன் ஒருவரும் உண்டு. 10 வாரக் கர்ப்பம். பள்ளிப் படிப்புக்கு இணையான தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை பெற்றுக்கொள்ள நான் தயாராக இல்லை, வேலை இல்லை, இன்னும் படிக்கிறேன், பிள்ளையின் அப்பாவால் உதவ முடியாது என்று மனுவில் எழுதினாள். கார்டியனுக்கும் ஆட்சேபம் இல்லை என்றாள். முடிவெடுக்கும் முதிர்ச்சியை அவள் நிரூபிக்கவில்லை என்று நீதிபதி மறுத்தார்; மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

நெப்ராஸ்காவில் 2013-இல் இன்னொரு பெண். அவளுக்கும் 16. பெற்றோரின் உரிமையை நீதிமன்றம் ரத்து செய்து, வளர்ப்புப் பெற்றோரிடம் ஒப்படைத்திருந்தது. யாருடைய சம்மதத்தை வாங்குவது என்பதே கேள்வி. மாநில உச்ச நீதிமன்றமும் அவள் மனுவைத் தள்ளியது.

கருக்கலைப்பு வேண்டாம் என்று மனதார நினைப்பவர்களை எனக்குத் தெரியும், மதிக்கிறேன். ஆனாலும் இந்த இரண்டு தீர்ப்புகளையும் பார்த்து ஒன்று கேட்கத்தான் தோன்றுகிறது: கருக்கலைப்பு பற்றி முடிவெடுக்க முதிர்ச்சி இல்லாத பெண்ணுக்கு, பிள்ளை பெற்று வளர்க்க மட்டும் அந்த முதிர்ச்சி எங்கிருந்து வரும்? பல மாநிலங்களில் அதே மைனர் பெண் பேறுகால மருத்துவத்துக்குத் தானே சம்மதம் தரலாம். பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுக்கவும் அவள் கையெழுத்தே போதும்.

அலபாமா 2014-இல் இன்னும் ஒருபடி மேலே போனது. இந்த விசாரணையில் கருவின் சார்பில் வாதாட ஒருவரை நீதிபதி நியமிக்கலாம் என்று சட்டம் போட்டது. 2017-இல் கூட்டாட்சி நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

2022 தீர்ப்புக்குப் பிறகு இதெல்லாம் மாறிவிட்டதா?

அடித்தளமே மாறிவிட்டது. 2022 ஜூன் 24 அன்று ‘டாப்ஸ்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் ரோ தீர்ப்பைத் தூக்கி எறிந்தது. கருக்கலைப்பு அரசியல் சட்ட உரிமை என்பதால்தான் நீதிபதியிடம் போகும் வழியை மாநிலங்கள் கட்டாயம் வைக்க வேண்டியிருந்தது. அந்த உரிமை போனதும், வழியை வைப்பதும் எடுப்பதும் மாநிலங்களின் பாடு.

ஃபுளோரிடாவில் 2025 மே மாதம் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், பெற்றோருக்குத் தெரியாமல் நீதிபதி அனுமதி தருவது பெற்றோரின் அரசியல் சட்ட உரிமைக்கு எதிரானது என்றே தீர்ப்பளித்தது. 17 வயதுப் பெண் ஒருத்தி கொடுத்த மனுவில் வந்தது அது. மான்டானாவில் காற்று எதிர்த்திசையில் வீசியது. அங்கே 2013-இல் போட்ட சம்மதச் சட்டத்தை, மாநில அரசியல் சட்டம் தரும் அந்தரங்க உரிமையை மீறுகிறது என்று 2024 ஆகஸ்டில் மாநில உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த வழக்கை எடுக்க நாட்டின் உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் மறுத்துவிட்டது.

இல்லினாய் கதையும் சொல்ல வேண்டும். 1995-இல் போட்ட தகவல் சட்டம், வழக்கு மேல் வழக்காகி 2013-இல்தான் நடைமுறைக்கு வந்தது. 2022 ஜூன் 1 முதல் நீக்கம். மாசசூசெட்ஸ் 2020 டிசம்பரில், ஆளுநரின் மறுப்பையும் மீறி, சம்மதம் தேவைப்படும் வயதை 18-லிருந்து 16 ஆகக் குறைத்தது. இப்போது அங்கே 16, 17 வயதுப் பெண்கள் தாங்களே முடிவெடுக்கலாம்.

மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினால் பெற்றோர் பக்கம்தானே நிற்பார்கள்?

எல்லா இடத்திலும் அப்படி இல்லை. கலிஃபோர்னியா வாக்காளர்கள் பெற்றோருக்குத் தகவல் சொல்லும் சட்டத்தை 2005, 2006, 2008 என மூன்று முறை நிராகரித்தார்கள். ஃபுளோரிடா 2004-இல் ஏற்றுக்கொண்டது. அலாஸ்கா 2010-இல் ஏற்றது. 2016-இல் அங்கே மாநில உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது.

இப்படிச் சட்டம் இருந்தால் பிள்ளைகள் பெற்றோரிடம் பேசுவார்கள் இல்லையா?

சட்டம் கொண்டுவருபவர்களின் வாதம் அதுதான். அதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பள்ளியில் ஒரு தலைவலி மாத்திரை கொடுப்பதற்கும் பெற்றோர் கையெழுத்து வேண்டும். இவ்வளவு பெரிய விஷயத்தை எனக்குத் தெரியாமல் எப்படி என்று ஓர் அம்மா கேட்டால், அந்தக் கேள்வியில் பாசம்தான் இருக்கிறது.

ஆனால் பெரும்பாலான பெண்கள் சட்டம் இல்லாமலேயே வீட்டில் சொல்கிறார்கள். இப்படிச் சட்டம் இல்லாத மாநிலங்களில் நடத்தி 1992-இல் வெளியான ஆய்வில், கருக்கலைப்புச் செய்துகொண்ட மைனர் பெண்களில் 61 சதவீதத்தினர் பெற்றோரில் ஒருவருக்காவது தெரியும் என்றார்கள். சொல்லாதவர்களில் வீட்டில் அடி உதை இருப்பவர்கள் உண்டு. துரத்திவிடுவார்கள் என்று பயந்தவர்கள் உண்டு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம், பெற்றோரிடம் பேசும்படி பெண்ணை ஊக்கப்படுத்த வேண்டும், ஆனால் சட்டத்தால் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது.

இந்தியானாவின் பெக்கி பெல் என்ற பெண்ணின் பெயர் இந்தப் பேச்சில் அடிக்கடி வரும். 1988-இல் 17 வயதில் இறந்துபோனாள். பெற்றோருக்கு வருத்தம் தரக் கூடாது என்று அவர்களிடம் சொல்லாமல், சட்டவிரோதமாகக் கலைக்கப் போய் உயிரை விட்டாள் என்று அம்மா அப்பா நம்பினார்கள். மரணத்தின் காரணத்தைப் பற்றி மறுதரப்பினர் வேறுவிதமாக வாதிடுகிறார்கள். நல்ல குடும்பம், பாசமான பெற்றோர் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அந்தப் பெற்றோர்தான் பிறகு ஊர் ஊராகப் போய், இப்படிப்பட்ட சட்டங்கள் வேண்டாம் என்று பேசினார்கள்.

பிள்ளை வேண்டும் என்கிறாள். பெற்றோர் கட்டாயப்படுத்திக் கலைக்க வைக்கலாமா?

கூடாது. பெற்றோர் சம்மதம் என்பது பெண்ணின் சம்மதத்தோடு சேர்வது; அதற்குப் பதிலாக வருவது கிடையாது. அவள் வேண்டாம் என்றால் மருத்துவர் செய்ய முடியாது. மானம் போய்விடும் என்று அவசரப்படும் குடும்பங்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் மாநிலத்தில் சட்டம் எதுவும் இல்லை. அப்படியானால் எனக்குத் தெரியவே தெரியாதா?

தபால்பெட்டி சொல்லிவிடலாம். மகள் உங்கள் காப்பீட்டில் இருந்தால், எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு கட்டினோம் என்று காப்பீட்டு நிறுவனம் உங்கள் பெயருக்குக் கணக்கு அனுப்பும். பெற்றோர் அறியும் முன்பே அந்தக் கடிதம் வந்து, வாசலிலேயே சண்டை வெடிப்பதும் உண்டு. கலிஃபோர்னியா இதைத் தடுக்கத் தனிச் சட்டம் கொண்டுவந்தது: மைனர் பெண் தானே சம்மதம் தந்து பெற்ற இத்தகைய சிகிச்சையின் விவரம், அவள் அனுமதி இல்லாமல் காப்பீட்டுக்குப் பணம் கட்டும் பெற்றோருக்குப் போகக் கூடாது.

இந்தியாவில் எப்படி? ஊருக்குக் கூட்டிப் போய்விடலாம் என்று சிலர் சொல்கிறார்களே?

அங்கே 1971-ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டப்படி, 18 வயது ஆகாத பெண்ணுக்குக் கார்டியனின் எழுத்துபூர்வமான சம்மதம் கட்டாயம். அந்தச் சட்டத்தில் கார்டியன் என்றால் அவளைப் பராமரிப்பவர். பெற்றவராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. இதோடு, பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும் சேரும். 18 வயதுக்குட்பட்ட பெண் கர்ப்பம் என்றால் மருத்துவர் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். அவளே விரும்பிப் பழகியிருந்தாலும் அப்படித்தான். இந்தப் பயத்தாலேயே பலர் மருத்துவமனை வாசலை மிதிக்காமல் இருந்தார்கள். 2022 செப்டம்பர் 29 அன்று இந்திய உச்ச நீதிமன்றம், பெண்ணும் கார்டியனும் கேட்டுக்கொண்டால் மருத்துவர் அவள் பெயரையும் அடையாளத்தையும் காவல்துறைக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று தெளிவுபடுத்தியது.

விமானம் ஏறிப் போய்வரும் நாட்களில் கர்ப்பமும் வளரும். அவள் விருப்பத்தைக் கேட்காமல் டிக்கெட் எடுக்காதீர்கள்.

மகளின் தோழி என்னிடம் சொல்லி அழுதாள். அவள் வீட்டுக்குத் தெரியாது. பக்கத்து மாநிலத்துக்கு நான் காரில் கூட்டிப் போகலாமா?

முதலில் நீங்கள் எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். ஐடஹோ 2023-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. பெற்றோரிடம் மறைத்து, கருக்கலைப்புக்காக மைனர் பெண்ணைக் கூட்டிப் போவதும், தங்க வைப்பதும், அதற்கு ஆள் சேர்ப்பதும் குற்றம். 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. கருக்கலைப்பு வேறொரு மாநிலத்தில் சட்டப்படி நடந்திருந்தாலும் தப்பிக்க முடியாது. ‘ஆள் சேர்ப்பது’ என்ற பகுதி பேச்சுரிமையைத் தொடுகிறது என்று 2024 டிசம்பரில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மட்டும் நிறுத்திவைத்தது. கூட்டிப் போவதும் தங்க வைப்பதும் குற்றம் என்ற பகுதி நடைமுறைக்கு வர விட்டது. டென்னசியும் 2024-இல் இதேபோல ஒன்றைக் கொண்டுவந்தது.

ஆகவே காரை எடுக்கும் முன் அந்த மாநிலத்தின் வழக்கறிஞர் ஒருவரிடம் பேசுங்கள். அதுவரை அவளை அனுப்பிவிடாதீர்கள். உட்கார வைத்து, சாப்பிட ஏதாவது கொடுங்கள். கடைசி மாதவிடாய் எந்தத் தேதியில் வந்தது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கறிஞரும் மருத்துவரும் முதலில் கேட்கப் போவது அந்தத் தேதியைத்தான்.